முகம் கீழாக நெய்த செங்கல் சுவர்

எங்கள் பயிற்சி நிலையக் கையேட்டின் நாற்பத்தொன்றாம் விதி சொல்வது இது: ஒதுக்கப்பட்ட எந்தக் கருவியும் ஆறு மாதங்களுக்கு மேல் பயன்படாமல் கிடந்தால் அதைத் தலைமை அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அந்தக் கருவிக்கென்று ஏற்படுத்திய தற்காலிகப் பணியிடமும் அன்றோடு முடிந்துபோகும். நாற்பத்துமூன்றாம் விதி இன்னும் சுருக்கமானது: அரசுக் கருவிகளைக் கேளிக்கைக்குப் பயன்படுத்தலாகாது. இரண்டும் முறையாக அமலாகியிருந்தால், 1979 டிசம்பரில் எங்கள் கணினி மறுபடி மரப்பெட்டிக்குள் போயிருக்கும். சரோஜா வீட்டுக்குப் போயிருப்பார்.

நிலையத்தின் ஆண்டு மலருக்குக் 'கணினிப் பிரிவின் தோற்றமும் வளர்ச்சியும்' என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி இப்போதுள்ள அலுவலர்கள் கேட்டார்கள். தோற்றம் எனக்குத் தெரியும். வளர்ச்சியை அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.

நான் அங்கே தொழில்நுட்ப உதவியாளராக 1961-இல் சேர்ந்தேன். பட்டுப் புடவைக்குக் கரை, முந்தானை வடிவங்களை வரையவும், அவற்றைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டைகளில் துளை போடவும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. முதல் பத்து ஆண்டுகளில் நான் கற்றது இரண்டு: துளை தவறிய அட்டையை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது, குறிப்பு தவறிய கோப்பை அதே முறையில் சரிசெய்வது. எழுபதுகளின் நடுவில் சென்னையில் ஆறு வாரம் கணினிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று ஒரு பெரிய இயந்திரத்தைப் பார்த்தோம். சான்றிதழ் கொடுத்தார்கள்.

அந்தச் சான்றிதழ் காரணமாகத்தான் 1979 ஜூனில் அந்த மரப்பெட்டி எங்களுக்கு வந்தது. உள்ளே தட்டச்சுப் பொறி போன்ற விசைப்பலகை ஒன்று, கறுப்பு வெள்ளைத் திரை ஒன்று, கேசட் பெட்டி ஒன்று, ஆங்கிலக் கையேடு ஒன்று. ஓட்டுவதற்கு எந்த நிரலும் இல்லை. யாரோ ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தில் கொடுத்ததை, எங்கே அனுப்புவது என்று தெரியாமல் எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது என் ஊகம். ஆனால் பெட்டியோடு ஓர் ஆணையும் வந்தது: கருவியை இயக்குபவர் பணியிடம் ஒன்று, தற்காலிகம். அதில்தான் சரோஜா சேர்ந்தார்.

திருப்புட்குழியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வயது இருபத்தொன்பது. அதற்கு முன் மூன்று அலுவலகங்களில் தற்காலிகமாக இருந்து, மூன்றிலும் பணியிடம் முடிந்து வெளியே வந்தவர். முப்பது முடிந்துவிட்டால் புதிதாக அரசு வேலைக்கு எடுக்க மாட்டார்கள். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்து, இரண்டு ஆண்டு இடைவெளியில்லாமல் வேலை பார்த்திருந்தால், வயது பாராமல் சிறப்புத் தேர்வு எழுதலாம். ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. இந்த விதியை அவர் எனக்கே சொல்லிக்கொடுத்தார். வீட்டில் சம்பளம் வாங்கும் ஆள் அவர் ஒருவர்தான்.

எங்கள் கண்காணிப்பாளர் தாமோதரனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எந்தக் கடிதத்தையும் அவர் கீழிருந்து மேலாகப் படிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு யார் யாருக்கு நகல், பிறகு தேதி, கடைசியில் விஷயம். "விஷயம் எல்லா லெட்டர்லயும் ஒண்ணுதான், யார் பயப்படறாங்கறதுதான் முக்கியம்" என்பார். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் உள்ள பென்சில் வைத்திருப்பார். நீலத்தால் கோடு போட்டால் படித்துவிட்டார் என்று அர்த்தம். சிவப்பால் போட்டால் படித்ததை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அர்த்தம். முப்பது ஆண்டுச் சேவையில் அவர் 'முடியாது' என்று எழுதியதே இல்லை. 'பரிசீலிக்கலாம்' என்று எழுதுவார். அப்படி எழுதியவற்றில் பல இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன.

நவம்பர் முதல் வாரத்தில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. டிசம்பர் பத்தாம் தேதி இணை இயக்குநர் வந்து கருவிகளின் பயன்பாட்டை ஆய்வு செய்வார். தாமோதரன் அதைக் கீழிருந்து மேலாகப் படித்துவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அந்தப் பெட்டி இன்னா பண்ணிக்கினு இருக்குது?"

"சார், அது கூட்டல் கழித்தல் எல்லாம் செய்யுது" என்றேன்.

"கூட்டல் கழித்தல் நம்ம பியூன் பண்றார். அதிகாரி வந்து பார்த்தா திரையில எதுனா அசையணும். இல்லன்னா டிசம்பர் கடைசில வண்டி வந்து ஏத்திக்கினு போயிடும்." பிறகு சரோஜாவைப் பார்க்காமல், பென்சிலைப் பார்த்துச் சொன்னார்: "பெட்டிய மட்டும் இல்ல."

அசைகிற கணினி ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஏகாம்பரநாதர் சன்னதித் தெருப் பக்கம் ஒரு பட்டுக்கடையில். கடைக்காரரின் மருமகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதை ஒரு வண்ணத் தொலைக்காட்சியோடு இணைத்து, வாசல் பக்கத்து மூலையில் வைத்திருந்தார். திரையின் மேல்பக்கம் செங்கல் சுவர், கீழே மட்டை, நடுவே ஒரு பந்து. குமிழைத் திருகினால் மட்டை நகரும். பந்தை அடித்து அடித்துச் சுவரின் செங்கற்களை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். கல்யாணப் புடவை எடுக்க வரும் கூட்டத்தில் ஆண்களை அங்கே உட்காரவைத்துவிட்டால், விலையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது கடைக்காரரின் கண்டுபிடிப்பு.

நாங்கள் போன அன்று கல்யாணப் பெண் ஒருத்தியின் அப்பா விளையாடிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "ஏங்க, அரக்கு எடுக்கலாமா, மாம்பழக் கலர் எடுக்கலாமா?"

"ரெண்டும் எடு. இன்னும் நாலு செங்கல்தான் பாக்கி இருக்குது."

கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்த ஆட்டம் பதிந்த கேசட்டை அப்படியே வாங்கிப் போய் எங்கள் இயந்திரத்தில் போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அது நடக்காது என்று கையேட்டைப் படித்திருந்த சரோஜா சொன்னார். ஒரு கம்பெனி இயந்திரம் நாடாவில் பதிக்கும் ஓசை இன்னொரு கம்பெனி இயந்திரத்துக்கு வெறும் இரைச்சல். ஆனால் இரண்டுக்கும் மொழி ஒன்று, பேசிக். எனவே வழி ஒன்றுதான்: நிரலைத் திரையில் வரவழைத்து, வரி வரியாகக் கையால் எழுதிக்கொள்வது. மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் கடை விரிப்பில் உட்கார்ந்து நான் படிக்க, அவர் எழுதினார். மூன்று நாள் ஆனது. நூற்றெண்பது வரிகள்.

"இது இன்னா வாத்தியாரே, மந்திரமா?" என்றார் கடைக்காரர்.

"சுற்றறிக்கை மாதிரிதான் அண்ணா. எங்க இருந்து எங்க போவணும்னு சொல்லுது" என்றார் சரோஜா.

எழுதியதை அப்படியே எங்கள் இயந்திரத்தில் தட்டச்சு செய்து ஓட்டினோம். மட்டை சுவருக்கு நடுவில் வந்து நின்றது. பந்து வரவே இல்லை. காரணம் எளிது. கடை இயந்திரத்தின் திரை நாற்பது கட்டம் அகலம், இருபத்துநாலு கட்டம் உயரம். எங்களுடையது அறுபத்துநாலு அகலம், பதினாறு உயரம். 'இந்த எண்ணுள்ள இடத்தில் செங்கல்லை வை' என்று நிரல் சொல்கிறது. அந்த எண் எங்கள் திரையில் வேறொரு இடம். வண்ணமும் கிடையாது, குமிழும் கிடையாது. எங்கள் திரையில் ஒவ்வொரு கட்டத்தையும் குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று என்று சிறு புள்ளிகளாகப் பிரித்து ஏற்றி அணைக்கலாம். ஆகவே சுவர், மட்டை, மதிப்பெண் காட்டும் பெரிய இலக்கங்கள் எல்லாவற்றையும் நூற்றிருபத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு என்ற புதுக் கட்டத்தில் மறுபடி வரைய வேண்டும்.

அப்போதுதான் எங்கள் வரைவாளர் வேலாயுதத்தின் நினைவு வந்தது. முப்பது ஆண்டாகப் புடவை வடிவங்களைக் கட்டத்தாளில் எழுதுகிறவர். அவர் மேசைக்குப் போய் விளக்கினேன். அவர் தாளைவிட்டுத் தலையே தூக்கவில்லை.

"இருநூத்தி நாப்பது கொக்கி மிஷினுக்கு எழுதின கரைய நானூறு கொக்கிக்கு மாத்தறோமே, அதானே இது?"

"அதேதான்" என்றேன். ஜக்கார்டில் நூலைத் தூக்கும் கொக்கிகள் கூடினால் வடிவத்தின் கட்டங்களும் கூடும்.

"இதுக்காடா ரெண்டு பேரும் ஒரு வாரமா சோறு தண்ணி இல்லாம மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருந்தீங்க? சாயந்தரம் வந்து வாங்கிக்கோ."

சொன்னபடி சாயந்தரம் கொடுத்தார். அழகான வேலை. சுவரின் செங்கற்கள் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அரைக்கல் தள்ளி, உண்மையான கொத்தனார் கட்டியதுபோல் இருந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் நெடுவரிசை எண், குறுக்குவரிசை எண் பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்தார். சரோஜா அந்த எண்களை எடுத்து நிரலில் ஏற்றினார்.

ஓடியது. ஆனால் பந்து கோயில் குளத்தில் தெப்பம் போவதுபோல் நகர்ந்தது. இரண்டு நாள் யோசித்தோம். மூன்றாம் நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சரோஜா நேராக இயந்திரத்திடம் போனார்.

"சார், இது ஒரு வரியத் தேடணும்னா ஒவ்வொரு வாட்டியும் முதல் வரியிலேர்ந்து தேடிக்கினு வருது. நாம தினமும் எடுக்கற ஃபைல பீரோவுல கடைசி தட்டுல வச்சிக்கிறோம்."

பந்தை நகர்த்தும் வரிகளை நிரலின் முன்னால் கொண்டுவந்து, சுவரைக் கட்டும் வரிகளைப் பின்னால் தள்ளினார். சுவர் ஒரு தடவைதான் கட்டப்படுகிறது, காத்திருக்கட்டும். பந்து துள்ளத் தொடங்கியது. ஆறு வாரம் சென்னையில் கண்ணாடி வழியாகப் பார்த்ததில் எனக்கு இது கிடைக்கவில்லை.

ஆய்வுக்கு முந்தைய வேலைநாள், சனிக்கிழமை மதியம், முதன்முறையாக முழு ஆட்டத்தையும் ஆடிப் பார்த்தோம். குமிழுக்குப் பதில் இரண்டு அம்பு விசைகள் வைத்திருந்தோம். நான் இடது விசையை அழுத்தினேன். மட்டை வலதுபக்கம் ஓடியது. வலதை அழுத்தினால் இடம். மூன்று செங்கல்லை மட்டும் உடைத்துவிட்டுப் பந்து கீழே விழுந்தது. மூலையில் மதிப்பெண் மூன்று என்று வர வேண்டும். கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய மூன்று வந்தது. அதுவும் எதிர் மூலையில்.

வேலாயுதத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அட, வலப்பக்கத்துலேர்ந்து எண்ணிட்டேன்பா."

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்துத் தறிகள் பலவற்றில் புடவையின் முகம் கீழே பார்த்தபடி இருக்கும். நெய்கிறவர் பார்ப்பது முதுகுப்புறம். அந்தத் தறிக்கு எழுதும்போது மயில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி எழுத வேண்டும். இல்லாவிட்டால் கட்டிக்கொள்ளும் பெண்ணின் தோளில் மயில் பின்னால் திரும்பி நிற்கும். முப்பது ஆண்டுப் பழக்கத்தில் வேலாயுதம் கணினித் திரையையும் முகம் கீழாக நெய்துவிட்டார்.

"மன்னிச்சிக்கோ சரோஜாம்மா. பொட்டிக்கு முகம் எந்தப் பக்கம்னு நான் கேட்டிருக்கணும்."

"பரவால்ல அண்ணா. எல்லாப் புள்ளியும் ஒரே வரி வழியாத்தான் திரைக்குப் போவுது. நூத்தி இருவத்தேழுலேர்ந்து கழிச்சா திரும்பிடும். அஞ்சு நிமிஷ வேலை."

அவர் விசைப்பலகையில் கைவைக்கும்போது தாமோதரன் உள்ளே வந்தார். நின்றபடியே ஓர் ஆட்டம் ஆடினார். மூன்று பந்தும் போயின. தவறு எப்படி நேர்ந்தது என்று கேட்டார். சொன்னோம். ஜன்னல் பக்கம் போனார்.

"கைய எடும்மா" என்றார்.

"சார், அஞ்சே நிமிஷம்."

"சரியா ஓடினா அது விளையாட்டு. நாப்பத்திமூணாம் விதி. பெட்டிய எடுத்துக்கினு போறதோட எனக்கு மெமோவும் குடுத்துட்டுப் போவார்." திரும்பி வேலாயுதத்தைப் பார்த்தார். "தப்பா ஓடினா அது பயிற்சி."

சரோஜா கையை எடுக்கவில்லை. அவருக்கு அது சரிப்படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "சார், ஓடாத மிஷின்னு எழுதிட்டார்னா? எனக்கு ஜனவரி வந்தா முப்பது."

"தெரியும்மா. அதனாலதான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க சரோஜா என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று நான் கேட்டதில்லை. எனக்குத் தூக்கம் சரியில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை பத்தரைக்கு இணை இயக்குநர் வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. தறிகளைப் பார்த்தார், அட்டைத் துளைப்பான்களைப் பார்த்தார், கடைசியில் கணினி அறைக்கு வந்தார். திரையில் சுவர் நின்றது.

"என்ன இது?"

தாமோதரன் சாதாரணமாகச் சொன்னார்: "முகம் கீழா நெய்யற தறிக்குப் பசங்களப் பழக்கறதுக்கு சார். கண்ணு ஒரு பக்கம் பார்க்கும், கை எதிர்ப்பக்கம் வேலை செய்யணும். அந்தப் பழக்கம் வராமத்தான் அட்டையெல்லாம் வீணாகுது. ஐயா ஒரு தடவை பண்ணிப் பாருங்க."

அதிகாரி உட்கார்ந்தார். முதல் பந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதை ஒருமுறை தொட்டார், விழுந்தது.

"விசை தப்பா வேலை செய்யுதே."

சரோஜாவின் விரல்கள் முந்தானை நுனியைச் சுற்றிக்கொண்டிருந்தன. தாமோதரன் வேலாயுதத்துக்குத் தலையசைத்தார். வேலாயுதம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். சனிக்கிழமை வரை விசைப்பலகையையே தொடாதவர். இரண்டு விரலால் ஆடினார். மட்டை பந்துக்கு முன்னால் போய் நின்று காத்திருந்தது. ஒரு வரிசை போயிற்று, இரண்டாவது போயிற்று. திரும்பிய இலக்கங்கள் ஏறிக்கொண்டே போயின. அவருக்கு அவை நேராகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு எப்படி வருது?" என்று கேட்டார் அதிகாரி.

"எனக்கு எல்லாம் முதுகுப்பக்கத்துலேர்ந்துதான் சார் தெரியும்" என்றார் வேலாயுதம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் எழுந்திருங்க" என்றார். நாற்பது நிமிடம் ஆடினார். டிரைவர் இருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான்காவது வரிசையை உடைத்த பிறகுதான் எழுந்தார். ஆய்வுக் குறிப்பில் எழுதியது ஒரே வாக்கியம்: கணினி, தலைகீழ் வடிவங்களைப் பயிற்றுவிக்கும் கருவியாகப் பயன்பாட்டில் உள்ளது. வாசலில் வண்டி ஏறும்போது என்னிடம் மெல்லக் கேட்டார்: "நேரா ஓடற மாதிரி ஒண்ணு இருக்குதா?" ஐந்து நிமிட வேலை என்று நான் சொல்லவில்லை. பரிசீலிக்கலாம் என்றேன்.

தாமோதரன் அதிகாரியிடம் சொன்னது பொய்யா என்று சில சமயம் யோசித்ததுண்டு. அதன் பின் பயிற்சிக்கு வந்தவர்களை நாங்கள் உண்மையாகவே அதில் உட்காரவைத்தோம். அட்டை வீணாவது குறைந்ததுபோல் எனக்குத் தோன்றியது. குறைந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. குறையவில்லை என்பதற்கும் கிடையாது.

கருவி தங்கிவிட்டது. பணியிடம் தங்க வேண்டுமே. தற்காலிகப் பணியிடத்தைத் தொடர மேலிடத்து ஒப்புதல் வேண்டும். கேட்டால் பெரும்பாலும் ஒரு மாதத்தில் 'இயலாது' என்று பதில் வந்துவிடும். தாமோதரனின் சேவையில் மிகச் சிறந்த வேலை என்று நான் நினைப்பது ஆய்வு நடந்த அன்று மாலை அவர் சொல்லச் சொல்ல சரோஜா தட்டச்சு செய்த கடிதம். அதில் மூன்று கேள்விகள். கேசட்டில் உள்ள நிரல் நிலைச் சொத்தா, எழுதுபொருளா? இதைப் பண்டகப் பிரிவு சொல்ல வேண்டும். அது எழுதுபொருள் என்றால், பயிற்சிக் கருவியாகக் கருதலாமா? இதைப் பயிற்சிப் பிரிவு சொல்ல வேண்டும், ஆனால் பண்டகப் பிரிவு சொன்ன பிறகு. பயிற்சிக் கருவி என்றால், அதை இயக்குபவரின் பணியிடம் எந்தத் தலைப்பில் தொடரும்? இதைப் பணியமைப்புப் பிரிவு சொல்ல வேண்டும், மற்ற இரண்டும் சொன்ன பிறகு.

"சார், இதுக்கு யாரும் பதில் போட மாட்டாங்களே" என்றார் சரோஜா, தட்டச்சை நிறுத்தி.

"பதில் வர்ற வரைக்கும் இருக்கறது அப்படியே தொடரும்னு ஒரு விதி இருக்குதும்மா. நீ மேல அடி."

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் அனுப்பினோம். கேட்கவில்லை என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா. ஒவ்வொரு நினைவூட்டலிலும் புதிதாக ஒரு சிறு ஐயப்பாட்டைத் தாமோதரன் சேர்த்துவிடுவார். அப்படியே 1981 ஜூன் வந்தது, இடைவெளியில்லாத இரண்டு ஆண்டுகள் முடிந்தன. அடுத்த ஆண்டு சரோஜா சிறப்புத் தேர்வு எழுதினார். முதல் முறையிலேயே தேறினார். நிரந்தரமான பிறகு எங்கள் நிலையத்திலேயே தபால் பிரிவின் பொறுப்பு கிடைத்தது. தாமோதரன் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார். நினைவூட்டல் அனுப்புவதை நாங்களும் நிறுத்திவிட்டோம்.

ஒருநாள் காலை சரோஜா ஒரு பழுப்பு உறையைப் பிரித்தபடி என் மேசைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நம்ம லெட்டருக்குப் பதில் வந்துகீது."

"எந்த லெட்டர்?"

"மூணு கேள்வி."

வாங்கி, தாமோதரன் முறையில் கீழிருந்து படித்தேன். மூன்று பிரிவுகளும் கையெழுத்திட்டிருந்தன. முதல் இரண்டு கேள்விகளும் எழவில்லை என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவதற்கு, கருவியின் தேவையைக் கருதி, இயக்குபவர் பணியிடத்தை 1980 மார்ச் 31 வரை தொடர ஒப்புதல் அளிக்கப்படுகிறது.

"எம்பது மார்ச் வரைக்கும் இருக்கலாமாம் சார்" என்றார் சரோஜா. "அதுக்குள்ள வேற வேலை பார்த்துக்கணும்."

கடிதத்தை வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனார். வருகை முத்திரையின் சக்கரங்களை அன்றைய தேதிக்குத் திருப்பி, மைத்தகட்டில் ஒற்றி, கடிதத்தின் வலது மேல் மூலையில் நிதானமாக அழுத்தினார்: 14 ஜூலை 1986.